செயற்பாட்டுக் குத்தகை: சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலிருந்து கணக்குப் பாருங்கள்

தலவாக்கலையிலிருந்து மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டிருக்கிறார். லீக்ஸ், கரட், கோவா, ஸ்ட்ரோபெரி என்று கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்புகிறார். கையில் இருப்பவை இரண்டு பழைய லொறிகள். ஒன்று ஓடினால் மற்றது கராஜில் நிற்கிறது. புதிதாக மூன்று வாகனங்கள் வேண்டும்: கொழும்புக்கு ஓட ஒரு லொறி, தோட்டங்களுக்குள் ஏறி மரக்கறி எடுக்க ஒரு சின்ன லொறி, ஆட்களுக்கும் அவசர ஓட்டத்துக்கும் ஒரு வேன். கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர், "முற்பணம் வேண்டாம், பராமரிப்பு எங்களுடையது, நான்கு வருடம் முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் போதும், இதற்குப் பெயர் செயற்பாட்டுக் குத்தகை" என்று சொல்லியிருக்கிறார். இது என்ன, நமக்குச் சரிவருமா என்பதுதான் தம்பியின் கேள்வி.

நான் ஹட்டனில் ஒரு லீசிங் கம்பனியின் கிளையில் 18 வருடங்கள் வேலை செய்தவன். இப்போது சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் லீசிங் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். முற்பணம் கட்டுவோம், மாதாமாதம் தவணை கட்டுவோம், கடைசித் தவணை முடிந்ததும் வாகனம் நம் பெயருக்கு வரும். அது நிதிக் குத்தகை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் அதைப் பற்றியதுதான். வாகனப் பதிவில் பதிவு செய்த உரிமையாளர் என்று நம் பெயரும், முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயரும் இருக்கும். வாகனத்தின் விலை விழுந்தாலும் ஏறினாலும் அது நம்முடைய தலையில். டயர் வெடித்தாலும் என்ஜின் இறங்கினாலும் அதுவும் அப்படியே. கம்பனி உண்மையில் தருவது பணம் மட்டும்தான். வாகனம் அந்தப் பணத்துக்கு ஈடு.

செயற்பாட்டுக் குத்தகையில் வாகனம் முதலிலிருந்து கடைசிவரை கம்பனியுடையது. அவர்கள் வாங்குகிறார்கள், தங்கள் பெயரில் பதிகிறார்கள், காப்புறுதி எடுக்கிறார்கள், ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறார்கள், அதற்கு வேண்டிய புகைப் பரிசோதனையையும் லொறி என்றால் தகுதிச் சான்றிதழையும் எடுத்துத் தருகிறார்கள். சேவிஸ் செய்கிறார்கள், டயர் மாற்றுகிறார்கள், வாகனம் கிடந்தால் மாற்று வாகனம் அனுப்புகிறார்கள். நீங்கள் டீசல் ஊற்றி, சாரதியை வைத்து ஓட்டுகிறீர்கள். மூன்று, நான்கு அல்லது ஐந்து வருடங்கள் ஒரே மாதக் கட்டணம். தவணை முடிந்ததும் வாகனம் அவர்களிடம் திரும்பிப் போகிறது. அதை விற்று என்ன கிடைக்கிறது என்பது அவர்கள் கவலை.

இந்தக் கடைசி வசனத்தில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. நான்கு வருடம் கழித்து இந்த வாகனம் என்ன விலைக்குப் போகும் என்று கம்பனி இன்றே ஒரு தொகையை எழுதிக்கொள்கிறது. அதற்குப் பெயர் எச்சப் பெறுமதி. வாங்கிய விலையிலிருந்து அந்த எச்சப் பெறுமதியைக் கழித்து, மீதியைத்தான் மாதங்களால் வகுத்து உங்களிடம் வாங்குகிறார்கள். எச்சப் பெறுமதி உயர்ந்தால் மாதக் கட்டணம் குறையும். சந்தையில் எளிதாக விலைபோகும் வாகனத்துக்குக் கட்டணம் குறைவாகவும், யாரும் தேடாத வாகனத்துக்கு அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எண்கள் விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்கு வரும் விலைப்பத்திரத்தில் வேறாக இருக்கும். லொறியின் விலை 1 கோடி ரூபாய். 48 மாதம். எச்சப் பெறுமதி 45 இலட்சம். தேய்வு 55 இலட்சம். 48ஆல் வகுத்தால் மாதம் 114,583. கம்பனி போட்ட பணத்துக்கு வட்டி: தொடக்கத்தில் 1 கோடி, முடிவில் 45 இலட்சம், சராசரி 72.5 இலட்சம்; ஆண்டுக்கு 14 வீதம் என்றால் மாதம் 84,583. காப்புறுதி 16,667. அனுமதிப்பத்திரம், பரிசோதனைகள் 3,000. பராமரிப்பும் டயரும் 40,000. கம்பனியின் நிர்வாகச் செலவும் இலாபமும் 20,000. கூட்டினால் 278,833 ரூபாய். இதற்கு மேல் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஆக மொத்தம் 329,023.

அதே லொறியை நிதிக் குத்தகையில் எடுத்தால்? 20 இலட்சம் முற்பணம், மீதி 80 இலட்சத்துக்கு அதே 14 வீதத்தில் 48 தவணை. மாதம் ஏறத்தாழ 218,600. காப்புறுதி, அனுமதிப்பத்திரம், பராமரிப்பு எல்லாம் உங்கள் கையிலிருந்து மாதம் 59,667. இரண்டையும் சேர்த்தால் 278,000 சொச்சம். செயற்பாட்டுக் குத்தகைக் கட்டணமும் வரிக்கு முன் கிட்டத்தட்ட அதேதான். உத்தியோகத்தர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், மாதச் செலவு ஒன்றுதான், முற்பணம் மட்டும் உங்களுக்கு மிச்சம்" என்பார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். நிதிக் குத்தகையில் நான்காம் வருட முடிவில் 45 இலட்சம் பெறுமதியான லொறி உங்கள் முற்றத்தில் நிற்கும். முற்பணத்தைக் கூட்டி, லொறியின் பெறுமதியைக் கழித்தால் நான்கு வருடத்துக்கு உங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 1 கோடி 8.5 இலட்சம். செயற்பாட்டுக் குத்தகையில் வரி இல்லாமலே 1 கோடி 33.8 இலட்சம். வித்தியாசம் 25 இலட்சத்துக்குச் சற்று அதிகம்.

அந்த 25 இலட்சம் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால், 9.6 இலட்சம் கம்பனியின் நிர்வாகத்துக்கும் இலாபத்துக்கும். மீதி 15 இலட்சத்துச் சொச்சம், நீங்கள் போடாத முற்பணத்துக்கும் நீங்கள் அடைக்காமல் விட்ட எச்சப் பெறுமதிக்கும் நான்கு வருட வட்டி. பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பவை மூன்று: 20 இலட்சம் ரூபாய் உங்கள் வியாபாரத்திலேயே இருக்கிறது, பராமரிப்புச் செலவு 40,000க்குப் பதில் 70,000 ஆனாலும் அது உங்களைத் தொடாது, லொறி 45 இலட்சத்துக்குப் பதில் 25 இலட்சத்துக்கு விலைபோனாலும் அது உங்களைத் தொடாது. இந்த மூன்றும் உங்களுக்கு 25 இலட்சம் பெறுமா என்பதுதான் கேள்வி. ஹோட்டல்காரர் 45 நாள் கழித்துப் பணம் தரும்போது, தோட்டக்காரருக்கு அன்றன்றே காசு கொடுக்க வேண்டியிருக்கும் உங்களுக்கு, கையில் இருக்கும் 20 இலட்சம் மிகவும் பெரியது. காசு தங்கும் வியாபாரம் செய்பவருக்கு அது அவ்வளவு பெரிதில்லை.

பெறுமதி சேர் வரியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் அந்த வரிக்குப் பதிவு செய்து, வரிக்குரிய விற்பனை செய்பவராக இருந்தால், லொறிக்குக் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. பதிவு இல்லையென்றால் மாதம் 50,190 ரூபாய் முழுச் செலவு. நான்கு வருடத்தில் 24 இலட்சம். பதிவில்லாத சிறு வியாபாரிக்குச் செயற்பாட்டுக் குத்தகை கசப்பதற்கு முதல் காரணம் இதுதான். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: விலைப்பத்திரத்தில் "வரி நீங்கலாக" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்சப் பெறுமதி எந்தப் பக்கமும் சாயலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை வாங்கிய விலையையே தாண்டிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது நிதிக் குத்தகையில் எடுத்தவர் கையில் தங்கம் இருந்தது. செயற்பாட்டுக் குத்தகையில் எடுத்தவர் சாவியைத் திருப்பிக் கொடுத்து, இலாபத்தைக் கம்பனிக்கு விட்டுவிட்டு வந்தார். போதாததற்கு அதற்குப் பதிலாக வேறு வாகனம் எடுக்கப் புது வாகனம் சந்தையில் இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது நிலைமை மறுபக்கம் திரும்பியது. நிலையான கட்டணத்தில் இருந்தவர் தப்பினார். மாறும் வட்டியில் கடன் எடுத்தவர் துவண்டார். இப்போது புது வாகனங்கள் மீண்டும் வருகின்றன. பழையவற்றின் விலை இறங்கும் ஆபத்தை வேறொருவர் தோளில் வைப்பதற்கு இன்று அன்றைவிட நல்ல காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். ரூபாய் சரிந்தால் அந்த எண்ணமும் மாறிவிடும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். நான் இந்தப் பதிலை எழுதுவதே இதற்காகத்தான்.

கொழும்பில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் வாகனத்தின் தேய்வைக் கிலோமீற்றரால் அளக்கிறார். ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் மேலதிகக் கட்டணம். கரையோரத்தில் சமதரையாகப் போகும் காலி வீதியில் ஓடும் வாகனத்துக்கு அது சரியான அளவுகோல். கினிகத்தேனை இறக்கத்தையும் கடுகண்ணாவை வளைவையும் இறம்பொடை ஏற்றத்தையும் கிலோமீற்றர் அறியாது. இங்கே ஒரு கிலோமீற்றர் ஓட இரண்டாம் கியரில் என்ஜின் முனகுகிறது. இறங்கும்போது பிரேக் கொதிக்கிறது. வளைவுக்கு வளைவு திருப்புவதில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து போகிறது. 10,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும். பிரேக் லைனிங்கைக் கழற்றிப் பார்த்தால் சமதரையில் 30,000 ஓடியதுபோல இருக்கும்.

ஆகவே மலைநாட்டு வியாபாரிக்குச் செயற்பாட்டுக் குத்தகை மற்றவர்களைவிட அதிகம் பயன்பட வேண்டும். தேய்வும் பழுதும் அதிகமுள்ள இடத்தில், அவற்றை நிலையான கட்டணத்துக்கு வேறொருவர் ஏற்றுக்கொள்வது நமக்கு இலாபம். ஆனால் அவர் அதை உண்மையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் பிரேக்கும் கிளட்சும் டயரும் "வாடிக்கையாளரின் பாவனையால் ஏற்பட்ட தேய்வு" என்ற பெயரில் உங்களிடமே திரும்பி வந்தால், தேய்வுக்கு மாதக் கட்டணத்தில் ஒரு முறையும் கராஜ் பில்லில் ஒரு முறையும் பணம் கட்டுவீர்கள்.

இது என் கண் முன்னால் நடந்தது. ஒரு கொழுந்து வாங்கும் தேயிலைத் தொழிற்சாலைக்காரருக்கு, அவருடைய கணக்கை நான் பார்க்கத் தொடங்குவதற்கு முன்னால், மூன்று கொழுந்து லொறிகள் செயற்பாட்டுக் குத்தகையில் வந்திருந்தன. முதல் வருடம் நன்றாகப் போனது. இரண்டாம் வருடம் கிளட்ச் தட்டு எரிந்தது. கம்பனியின் கராஜ் "சாரதியின் கவனயீனம்" என்று எழுதியது. பிறகு பிரேக் லைனிங். அதற்கும் அதே வார்த்தை. லொறி ஏறுவது நோர்வூட்டிலிருந்து ஒரு தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, தார் பெயர்ந்த ஒற்றையடி வீதியில், நனைந்த கொழுந்தோடு. அந்தச் சாரதி இருபது வருடம் அந்தப் பாதையில் ஓட்டியவர், ஏறிய கியரிலேயே இறங்குபவர். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக்கூட யாரும் வரவில்லை. அவர் என்னிடம், "ஐயா, லொறியை நான் எரிக்கவில்லை, மலைதான் எரித்தது" என்றார். பில் தொழிற்சாலைக்காரர் தலையில்தான் விழுந்தது. ஒப்பந்தத்தில் கவனயீனம் என்றால் என்ன என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தீர்மானிப்பது கம்பனியின் கராஜ் என்று மட்டும் இருந்தது. அந்தச் சாரதியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஒப்பந்தங்களை வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தேன்.

அதனால் தம்பி, கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவற்றில் முதலாவது இது. பிரேக் லைனிங், கிளட்ச், சஸ்பென்ஷன் ஆகிய மூன்றும் பராமரிப்புக்குள் அடங்கும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கவனயீனம் என்று சொல்வதானால் கம்பனியும் நீங்களும் ஒப்புக்கொண்ட மூன்றாவது கராஜ் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பனி எப்படியும் வாகனத்தில் ஜிபிஎஸ் கருவி பூட்டும். அதில் வேகமும் திடீர்ப் பிரேக்கும் பதிவாகும். அந்தப் பதிவு உங்கள் சாரதிக்கு எதிராக மட்டும் பயன்படக்கூடாது, அவருக்கு ஆதரவாகவும் பயன்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒரு வரி சேருங்கள். டயரை "40,000 கிலோமீற்றருக்கு ஒரு சோடி" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டன் தேய்ந்து குறித்த ஆழத்துக்கு வந்ததும் மாற்றுவது என்று கேளுங்கள். மழைக்கால இறக்கத்தில் வழுவழுத்த டயரோடு ஒரு மனிதரை அனுப்பிவைக்க எந்தக் கணக்கும் நியாயம் ஆகாது.

மாற்று வாகனம் எங்கிருந்து வரும்? "24 மணி நேரத்துக்குள்" என்று இருக்கும். கொழும்பிலிருந்து புறப்பட்டு, மண் சரிந்த இடத்தில் காத்திருந்து வந்து சேரும்போது உங்கள் ஸ்ட்ரோபெரி கூழாகியிருக்கும். கொழுந்துக்காரருக்கு இன்னும் மோசம். பறித்த கொழுந்து அன்றே வாட்டும் தட்டுக்குப் போகாவிட்டால் சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிடும். ஹட்டன், நுவரெலியா அல்லது பண்டாரவளையில் கம்பனிக்கு ஒப்பந்தக் கராஜ் இருக்கிறதா, மாற்று வாகனம் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், வாகனம் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணத்தில் முப்பதில் ஒரு பங்கு கழிய வேண்டும். நீங்களே உள்ளூரில் லொறி பிடித்தால் அந்த வாடகையை அவர்கள் தர வேண்டும். அந்தக் கராஜுக்கு நீங்களே ஒரு நாள் போய், அதே ரக வாகனத்தின் பாகங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்து வருவதும் நல்லது.

இப்போது கிலோமீற்றர் எல்லை. உங்கள் கொழும்பு லொறி வாரம் மூன்று முறை போய்வருகிறது. தலவாக்கலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர், போய்வர 300, வாரம் 900, வருடத்துக்கு 50 வாரம் என்றால் 45,000. எல்லை 30,000 என்றால் 15,000 அதிகம். கிலோமீற்றருக்கு 20 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3 இலட்சம், நான்கு வருடத்தில் 12 இலட்சம். வேனோ ஆண்டுக்கு 20,000தான் ஓடும்; அதில் மிச்சமாகும் 10,000க்கு யாரும் பணம் திருப்பித் தருவதில்லை. எல்லா வாகனங்களின் கிலோமீற்றரையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்க்கும்படி கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து எல்லை 60,000, ஓடுவது 65,000. மேலதிகம் 5,000 மட்டும், ஆண்டுக்கு 1 இலட்சம். கேட்டால் பல கம்பனிகள் ஒத்துக்கொள்ளும். நான் கிளையில் இருந்தபோது இதைக் கேட்ட வாடிக்கையாளர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்தது விபத்தும் இயற்கை அனர்த்தமும். வாகனத்தின் காப்புறுதியில் மண்சரிவும் வெள்ளமும் அடங்குகின்றனவா என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள், வாய்ச்சொல் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்காத மழைக்காலம் நமக்கு இல்லை. வீதி மூடிக் கிடக்கும் நாட்களுக்கும் கட்டணம் ஓடும் என்பதை மனதில் வையுங்கள். வாகனம் முழுதாக அழிந்தால் காப்புறுதிக் கம்பனி சந்தைப் பெறுமதியைத்தான் தரும். குத்தகைக் கம்பனி தன் புத்தகத்தில் இருக்கும் மீதியைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் அதை யார் நிரப்புவது? ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் நீங்கள்தான். அந்த மௌனத்தைக் கலைத்து எழுத்தில் வாங்குங்கள்.

இடையில் முறித்துக்கொள்வது மிகவும் விலை உயர்ந்த காரியம். இரண்டாம் வருடம் ஒரு ஹோட்டல் உங்களை விட்டுப்போய், லொறி தேவைப்படாமல் போனால், மீதி மாதங்களின் கட்டணத்தில் பெரும் பங்கைக் கேட்பார்கள். நிதிக் குத்தகையில் வாகனத்தை விற்றுக் கடனை அடைக்க ஒரு வழி உண்டு. இங்கே விற்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. ஹோட்டலோடு உங்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தம்தான் என்றால், நான்கு வருடக் குத்தகையில் கையெழுத்து வைக்க வேண்டாம். மாதக் கட்டணம் கூடினாலும் குறுகிய காலம் எடுங்கள்.

கணக்கியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இது உங்கள் ஐந்தொகையில் கடனாகத் தெரியாது" என்று இன்னும் சிலர் சொல்லி விற்கிறார்கள். முழு இலங்கை நிதி அறிக்கையிடல் நியமங்களைப் பின்பற்றும் கம்பனிகளுக்கு அது 2019 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 16ஆம் நியமத்தின்படி, குத்தகைக்கு எடுத்தவர் பயன்பாட்டு உரிமைச் சொத்தையும் (வாகனத்தைப் பாவிக்கும் உரிமை) குத்தகைப் பொறுப்பையும் (இனிக் கட்ட வேண்டிய கட்டணம்) புத்தகத்தில் காட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கும் பெறுமதி குறைந்த பொருட்களுக்கும் மட்டும் விலக்கு. வாகனம் பெறுமதி குறைந்த பொருள் ஆகாது. பராமரிப்பு போன்ற சேவைப் பகுதியை வேறாகப் பிரித்துச் செலவாக எழுதலாம். ஆகவே கட்டணத்தைப் பிரித்துக் காட்டும் விலைப்பத்திரம் கேளுங்கள். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றுபவருக்குப் பழைய வேறுபாடு இன்னும் இருக்கிறது. மாதக் கட்டணம் செலவாகவே போகும். வருமான வரியில், செயற்பாட்டுக் குத்தகைக் கட்டணம் வியாபாரச் செலவு. லொறியின் தேய்வுக்காக வரிக் கணக்கில் கழிக்க விடும் மூலதனப் படி கம்பனிக்கு. நிதிக் குத்தகையில் லொறியை நீங்களே வாங்கியதாகக் கொள்ளப்படுவதால் படியும் வட்டியும் உங்களுக்கு. லொறிக்கு அந்தப் படி ஐந்து வருடத்தில் பிரிகிறது.

இப்போது உங்கள் மூன்று வாகனங்கள். தோட்டத்துக்குள் ஏறும் சின்ன லொறியைச் செயற்பாட்டுக் குத்தகையில் எடுக்காதீர்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர்தான் ஓடும். ஆனால் கதவில் தேயிலைச் செடி கீறும், தட்டில் கூடை இடிக்கும், அடிப்பாகத்தில் கல் தட்டும். திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு கீறலுக்கும் விலை போடுவார்கள். அந்த ரக வாகனத்துக்கு நம் பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கிறது, விற்பதும் கஷ்டமில்லை. அதை நிதிக் குத்தகையில் வாங்குங்கள். வாகனப் பெறுமதியில் எவ்வளவு வீதம் கடன் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை விதிக்கிறது, அதைக் காலத்துக்குக் காலம் மாற்றவும் செய்கிறது; முற்பணம் எவ்வளவு வேண்டும் என்பதை வாங்கும் மாதத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு லொறிதான் செயற்பாட்டுக் குத்தகைக்குப் பொருத்தமானது. ஓட்டம் தெரிந்தது, பாதை தெரிந்தது, ஒரு நாள் நின்றாலும் ஹோட்டல் கைவிட்டுப் போகும். மேலே சொன்னவை எழுத்தில் கிடைத்தால் 25 இலட்சம் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: குளிரூட்டிப் பெட்டி பூட்டிய லொறி கேட்டால் கட்டணம் ஏறும். பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் நான்கு வருடம் கழித்து விலை குறைவு என்பதால் அவற்றின் எச்சப் பெறுமதியைக் கிட்டத்தட்ட இல்லாததாகவே வைப்பார்கள். லொறியை அவர்களிடமும் பெட்டியை நீங்களே வாங்கியும் பூட்ட முடியுமா, முடிவில் கழற்றிக்கொள்ள அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். வேன் உங்கள் விருப்பம். கிலோமீற்றரை ஒன்றாகக் கூட்டுவதற்கு அது உதவும் என்பதால் நான் சேர்த்தே எடுப்பேன்.

பிணையாளி விடயத்தில் கவனமாக இருங்கள். வாகனம் கம்பனியுடையதாக இருந்தும், அப்பாவும் மாமாவும் கையெழுத்து வைக்க வேண்டும் என்பார்கள். தோட்டத்தில் ஓய்வுபெற்று, சேமலாப நிதியை வங்கியில் போட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் இப்படிப் பிள்ளைகளுக்காகக் கையெழுத்து வைத்துவிட்டு, எவ்வளவு தொகைக்கு வைத்தோம் என்று தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிணை எவ்வளவு தொகைக்கு, எத்தனை மாதத்துக்கு என்று எல்லை போடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேட்கக் கூச்சப்படாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தையும் வீண்செலவாக எண்ணாதீர்கள். செயற்பாட்டுக் குத்தகையில் அந்தப் பத்திரத்தைவிட உங்களைக் காப்பாற்றும் சட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை.

திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை இன்றே கேட்டு வாங்குங்கள். எந்த நீளக் கீறல் சாதாரணத் தேய்வு, எது சேதம், இருக்கை கிழிந்தால் எவ்வளவு, டயர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று படத்தோடு ஒரு பட்டியல் நல்ல கம்பனிகளிடம் இருக்கும். இல்லாத கம்பனி என்றால் நீங்களே எழுதிக் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். வாகனம் வரும் நாளில், கம்பனியின் ஆள் பக்கத்தில் நிற்க, நான்கு பக்கமும் தட்டும் அடிப்பாகமும் மீற்றரும் படமெடுத்து, அந்தப் படங்களை அன்றே அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தலவாக்கலையில் மாலை மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் கீறல் ஒன்றும் படத்தில் விழாது.